யார் எழுதிய வரி இது?

வெள்ளம் வடிந்த மண்ணில் புதுப் பலகை அடித்து, இந்த மண்டபத்தை மறுபடியும் நிமிர்த்திய நைவிகோ ஊர்த் தலைவர், விழாத் தலைவர் இசிமேலி அவர்களே! யங்கோனா பானக் கிண்ணத்தின் முன்னே எனக்கும் ஓர் இடம் ஒதுக்கித் தந்த பெரியோர்களே! விடிவதற்குள் மரவள்ளிக் கிழங்கு அவித்து, மீன் சுட்டு, எங்கள் வயிற்றை நிறைத்த தாய்மார்களே! கணினி கற்க வந்திருக்கும் கண்மணிகளே! முன்வரிசையில் கறுப்பு உடுத்தி அமர்ந்திருக்கும் வசிதி அக்கா அவர்களே! ஆறு கணினிகளை அன்பளிப்பாக ஏற்றிக்கொண்டு தலைநகர் சுவாவிலிருந்து வந்திருக்கும் சிறப்பு விருந்தினர், வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தின் மூத்த அதிகாரி, என் முன்னாள் மேலதிகாரி, அபிசாய் அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த உனைசியின் வணக்கம்.

"வாழ்த்திவிட்டு உட்கார்ந்தால் போதும்" என்று விழாக் குழுவினர் சொன்னார்கள். மன்னிக்க வேண்டும். வாழ்த்த வாய் வரவில்லை. கசக்கிற வாய்க்குச் சர்க்கரை எங்கே போய்த் தேடுவது?

இன்று முதல் உங்களுக்கு நான் கற்றுத்தரப் போவது, கணினி நிரலில் செய்யும் மாற்றங்களுக்கெல்லாம் கணக்கு வைக்கும் கிட் என்னும் கருவி. படம் இருக்காது, பொத்தான் இருக்காது. கறுப்புத் திரை, அதில் துடிக்கும் ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். இனிட் என்று தட்டினால் கணக்கைத் தொடங்கும். ஆட் என்று தட்டினால் நீங்கள் மாற்றியதை எடுத்து வைக்கும். கமிட் என்று தட்டினால் பதியும். லாக் என்று தட்டினால் அன்று முதல் இன்று வரை நிரலில் நடந்ததெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். எதை மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள், யார் மாற்றினார்கள் என்று நான்கும் இருக்கும்.

என்ன, இவ்வளவுதானா என்கிறீர்களா? இவ்வளவுதான் ஐயா! ஆனால் முதல் பதிவுக்கு முன்னால் அந்தக் கருவி கேட்கும், நீ யார் என்று. ஒரு முறை பெயரைக் கொடுத்துவிட்டால் பிறகு கேட்காது. அதே கணினியில் நாளைக்கு வேறொருவர் உட்கார்ந்து தட்டினாலும் கேட்காது. உழைத்தது எந்தக் கை என்று பார்க்க அதற்குக் கண் ஏது? கொடுத்த பெயரிலேயே பதிந்துகொண்டு போகும்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் நான் அந்த அலுவலகத்தில் சேர்ந்தேன். நம் ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்த்து, அபாயக் கோட்டைத் தொட்டதும் ஊர்ச் சங்கை ஒலிக்கவைக்கும் நிரல் எழுதுவது என் வேலை. என் மேசைக் கணினியை அபிசாய் அவர்கள்தான் தயார் செய்து கொடுத்தார். கருவி பெயர் கேட்டிருக்கிறது. அவருக்கு மதியம் ரக்பி ஆட்டம். தன் பெயரைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. அதில் சூதில்லை, சூழ்ச்சியில்லை. சோம்பல் இருந்தது.

மூன்றாவது வாரம் லாக் தட்டிப் பார்த்தேன். என் வேலை முழுக்க அவர் பெயரில் நின்றது. போய்க் கேட்டேன்.

"சார், நான் எழுதினதுல என் பேரே வரலையே?"

"அட, இருக்கட்டும்மா. ஒரே வீட்டுச் சட்டியில வேகுற கிழங்கு. இது யாரு போட்டதுன்னு ஒவ்வொண்ணுலயும் பேரா எழுதுவாங்க?"

நானும் சிரித்தேன். சிரித்தேன் தாய்மார்களே! என் பெயரைத் தட்டியிருக்கலாம். ஒரு வரி. எட்டு விநாடி. மூத்தவர் போட்ட பெயரைச் சின்னவள் அழிப்பதா என்று வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்தேன். அது பயம்.

நான்கு ஆண்டுகள் ஓடின. ஆட்குறைப்பு வந்தது. புதிதாக வந்த இயக்குநர் அம்மா எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து லாக்கைத் திறந்தார்.

"அபிசாய் பேருல ரெண்டாயிரத்துச் சொச்சம் பதிவு இருக்கு. உங்க பேருல பதினொண்ணுதான் இருக்கு. அப்ப இத்தனை வருஷமா என்னம்மா பண்ணீங்க?"

அந்தப் பதினொன்று நான் வீட்டில், என் சொந்தக் கணினியில் செய்தவை. நான் அபிசாய் அவர்களைப் பார்த்தேன். அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! எனக்கு வேலை போயிற்று. அவருக்குப் பதவி உயர்ந்தது.

என்ன சார்? ஒலிவாங்கி இல்லாமல் பேசினால் பின்னால் கேட்காது. நானே சொல்லிவிடுகிறேன். "உனைசி, இதுக்கு இதுவா இடம்?" என்று கேட்கிறார்.

பின்னே எது சார் இடம்? போன வேலைக்காக இந்த மேடையில் நான் ஏறியிருக்க மாட்டேன். நௌசோரிச் சந்தையில் கிழங்கு விற்றாவது பிழைத்திருப்பேன். நாற்பது சென்டிமீட்டருக்காக ஏறியிருக்கிறேன்!

நான் வேலையில் இருந்தபோது நம் மேற்குப் பாலத்தைப் பழுது பார்த்தவர்கள், அதிலிருந்த நீர்மட்ட அளவுகோலை நாற்பது சென்டிமீட்டர் மேலே தள்ளி மாட்டிவிட்டுப் போனார்கள். அதனால் ஆறு இருப்பதைவிட நாற்பது குறைவாகவே அது காட்டும். நான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அளந்து பார்த்தேன். அளவோடு நாற்பதைக் கூட்டிக்கொள் என்று ஒரு வரி எழுதிப் பதிந்தேன். ஏன் என்று எழுத வேண்டிய இடத்தில் என்ன எழுதினேன் தெரியுமா? "சின்னத் திருத்தம்." என் தலையிலும் மண்ணைப் போட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். காரணத்தை நான் எழுதவில்லை. பெயர் என் பெயராக இல்லை. அந்த நாற்பதுக்கு விளக்கம் என் மண்டைக்குள் மட்டும் இருந்தது. அந்த மண்டையை அலுவலகம் வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

என் நாற்காலிக்குப் புதிதாக வந்த பெண் கெட்டிக்காரி. அந்த வரியைக் கண்டு நின்றிருக்கிறாள். எழுதியது யார் என்று கருவியைக் கேட்டிருக்கிறாள். அபிசாய் என்று அது சொல்லியிருக்கிறது. எழுந்துபோய் அவரையே கேட்டிருக்கிறாள். அவள் வாயாலேயே நான் கேட்டதைச் சொல்கிறேன்.

"சார், நீங்க எழுதினதுதான். இந்த நாப்பது எதுக்கு சார்?"

"அதுவா... பழசும்மா. இப்பத் தேவைப்படாது. தூக்கிடு."

என் தொலைபேசி எண் அவரிடம் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், அது என் வரி என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமே! அதனால் கேட்கவில்லை. நாற்பதைத் தூக்கினார்கள்.

மார்ச் மாதம் பெய்த மழையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? சங்கு ஒலித்தபோது தண்ணீர் உங்கள் முழங்காலில் நின்றது. ஒன்றரை மணி நேரம் பிந்தி ஒலித்தது. அந்த ஒன்றரை மணி நேரம் இருந்திருந்தால் தொமாசி அண்ணன் தன் உழவு மாடுகளை நிதானமாக அவிழ்த்து ஓட்டிக்கொண்டு மேட்டில் ஏறியிருப்பார். மாடுகள் வந்தன. அவர் வரவில்லை.

சத்தம் வேண்டாம், உட்காருங்கள். அக்காவிடம் இதை நேற்றே அவர் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டேன். கூட்டத்தின் நடுவே முதன்முதலாகக் கேட்கும் கொடுமையை அவருக்கு நான் செய்யவில்லை. "எல்லாருக்கும் சொல்லு. நான் முன்னால உக்காருறேன்" என்றார். உட்கார்ந்திருக்கிறார்.

தூக்கிய வரியை வெள்ளத்துக்கு மறுவாரமே ஒரே கட்டளையில் மீட்டுவிட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! வரியை மீட்கக் கட்டளை இருக்கிறது. வசிதி அக்காவின் புருஷனை மீட்க எந்தக் கட்டளை இருக்கிறது?

பெயரில் என்ன இருக்கிறது என்று இனி எவரும் என்னிடம் கேட்க வேண்டாம். பெயர் பெருமைக்கன்று, பெயர் பதக்கத்துக்கன்று. ஆபத்து வரும் நாளில் ஓடிவந்து தட்ட வேண்டிய கதவு எது என்று காட்டுவது பெயர்! கதவை மாற்றிக் காட்டினால், தட்டுகிறவனுக்கு விடை கிடைக்காது. விடை தெரிந்தவளுக்குத் தட்டும் ஓசை கேட்காது. நடுவில் ஆறு வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. காலையில், நீங்கள் வருவதற்கு முன், அன்பளிப்பாக வந்த கணினிகளைத் திறந்து பார்த்தேன். கிட் ஏற்கெனவே போட்டுத் தந்திருக்கிறார்கள், நன்றி. நீ யார் என்று ஒரு கணினியும் என்னைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை அவற்றுக்கு இல்லை. ஆறிலும் ஒரே பெயர் இருந்தது. அபிசாய்.

"அவசரத்துல போட்டதும்மா" என்கிறார். தெரியும் சார். அன்றைக்கும் அவசரம்தான்.

நான் அதை அழிக்கவில்லை. ஒருமுறை அழிக்காமல் விட்டவள் நான், இப்போது அழிக்கும் உரிமையும் எனக்கில்லை. இன்று முதல் பாடம் அதுதான். முதல் கணினியில் வசிதி அக்கா உட்காருவார். தன் பெயரைத் தட்டுவார். எழுத்துத் தேடித் தட்ட அரை மணி ஆனாலும் ஆகட்டும், நாம் காத்திருப்போம். சார், நீங்களும் இருந்து பார்த்துவிட்டுத்தான் வண்டி ஏற வேண்டும்.

பாயில் கால் மரத்துப்போக அமர்ந்து, என் கசப்பையெல்லாம் காதில் வாங்கிக்கொண்ட நைவிகோ மக்களே, உங்கள் பொறுமைக்கு நன்றி, வினாகா, வணக்கம். அக்கா, வாருங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கிறேன்.