மலைக்காட்டில் மஞ்சள் நூல்

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் வரும் பஸ்ஸில் என் முன் சீட்டுக்காரரின் கழுத்தில் விசில் தொங்கியது. பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். பக்கத்தில் அவருடைய சிநேகிதர், ஒரு தறிக்காரர்.

“உன் மஞ்சள் நூலு என் வேலைக்கே உலை வெச்சிடுச்சுப்பா” என்றார் மாஸ்டர்.

“ஓட்டப் பந்தயம், மலைக்காட்டுல பசங்களுக்கு வழி தெரியணும், மரத்துல கட்ட மிச்ச நூல் குடுன்னு நீதானே கேட்ட?”

“கட்டிட்டுத்தான் வந்தேன். யாரோ அம்மனுக்கு வேண்டிக்கினு கட்டியிருக்காங்கன்னு நெனச்சி, அந்தூரு பொம்பளைங்களும் ஆளுக்கொரு மரத்துல கட்டிட்டாங்க. பந்தயத்தன்னிக்குப் போய்ப் பாத்தா காடே மஞ்சளா இருக்குது!”

“அய்யோ, பசங்க?”

“திசைக்கு ஒருத்தனா ஓடினானுங்க. முடிவுக் கோட்டாண்ட நான் மட்டும் விசிலோட நிக்கறேன். உன் வேலையப் பத்தி அடுத்த வாரம் முடிவு பண்றேன்னுட்டாரு எட்மாஸ்டர்.”

“சரி, அந்த நூலையெல்லாம் அவுத்துட்டியா?”

“அதுக்குத்தான் இன்னிக்குப் போனேன். எனக்கு முன்னாடியே என் சம்சாரம் அங்க நிக்கிறா. என் வேலை போவக்கூடாதுன்னு, நூல் இல்லாத மரமாத் தேடிப் பாத்துக் கட்டிக்கினு இருக்கிறா.”