பனங்கட்டித் துண்டு

எதை வாங்கினாலும் கூடவே ஒரு துண்டு பனங்கட்டி வைத்துக் கொடுப்பது என் பழக்கம், இன்ஸ்பெக்டர். இங்கே பிளேஸ்டோவில் என் கடைக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வதை மொழிபெயர்த்து எழுதும் பெர்னடெற் தங்கச்சியும் வாங்கியிருக்கிறார்.

ஊரில் எனக்கு நிலையான கடை இருந்ததில்லை. ராணுவம் முகாமை மாற்றினால், மூன்றாம் நாள் என் டிராக்டரும் அதன் வாசலில் நிற்கும். பீடி, சவர்க்காரம், பிஸ்கட், வாழைப்பழம் விற்றேன். சிப்பாய்களுக்கும் பனங்கட்டி உண்டு. அவர்களும் பிள்ளைகள்தானே.

எண்பத்தெட்டில் எங்கள் பகுதி அமைதியாகிவிட்டது. முகாமை எடுக்கப் போவதாகக் கப்டன் சொன்னார். அப்போதுதான் இரண்டு லோடு சாமான் இறக்கியிருந்தேன். சேர்ச் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், துவக்கோடு ஆட்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். அங்கே அப்படி யாரும் இல்லை. பதினொரு பேரைச் சுட்டார்கள். முகாம் இன்னும் ஒன்பது மாதம் இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் வால்தம்ஸ்டோவிலிருந்து ஒருவன் வந்து ஒரு கிலோ அறக்குளா மீன் கேட்டான். பொட்டலத்தின் மேல் பனங்கட்டியை வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை, நீங்கள் ஆமிக்குச் சாமான் வித்த கனகலிங்கமெல்லோ?"

"ஓம். ஏன், ஆமிக்காரனுக்குப் பசிக்காதோ?"

அவன் சிரிக்கவில்லை. "நான் அருள்நேசன். சேர்ச் ஒழுங்கை. என்ர மனிசி அஞ்சலீனாவைச் சுட்டவன், அவளுக்குப் பக்கத்தில நிண்டு உங்கட பனங்கட்டியைத்தான் கடிச்சவன்."

"நான் வித்தனான் தம்பி. அவ்வளவுதான்."

"உங்களில கோவமில்லை அண்ணை. முகாமுக்குப் போய்வந்த ஆள் நீங்கள். எங்கட ஒழுங்கையைக் காட்டிக்குடுத்தது ஆர்? பேரை மட்டும் சொல்லுங்கோ."

என்னை அவன் சந்தேகிக்கவே இல்லை. ஆனால் இப்படிக் கேட்டுத் திரிகிறவனுக்கு என்றாவது ஒருநாள் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள்.

"உள்ளுக்கு வாரும், சொல்லுறன்" என்றேன். கதவைப் பூட்டினேன். மீன் கத்தி கையிலேயே இருந்தது. கழுத்தில் ஒரு வெட்டு போதுமென்று நினைத்தேன், மூன்று தேவைப்பட்டது. முதல் வெட்டு ஆழமாக விழவில்லை; என் சட்டையைப் பிடித்தபடி "ஆரண்ணை?" என்று இன்னொரு தரம் கேட்டான். "நான்தான்" என்றேன். கேட்டவனுக்குப் பதில் சொல்லவேண்டும் அல்லவா. தரையைக் கழுவ முக்கால் மணி நேரம் ஆயிற்று.

பார்க்கிங் என்கிற இடத்து ஆற்றோரம் போடுவதற்காக அவனை வேனில் ஏற்றும்போது, பழக்கதோஷம், கை தானாகவே அவன் கோட்டுப் பைக்குள் ஒரு துண்டு பனங்கட்டியை வைத்துவிட்டது. அதை வைத்துத்தானே என்னைப் பிடித்தீர்கள்.

பெர்னடெற் தங்கச்சி ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டார்? எழுதச் சொல்லுங்கள். நான் கொன்றது அருள்நேசன் ஒருவனைத்தான். மற்றப் பதினொரு பேருடைய வீட்டு வாசலைக்கூட நான் மிதித்ததில்லை.