கேக்காம சொன்ன ஒரு வரி

...தப்பு என்னோடது இல்ல சார், அதை முதல்லயே சொல்லிடுறேன். உக்காருங்க. காலையில வாங்கிட்டுப் போன பொட்டலத்தைப் பிரிச்சா கோட்டுக்குப் பதிலா ஸ்கூல் யூனிஃபார்ம் இருந்தா யாருக்குத்தான் கோவம் வராது? பன்னெண்டு மணிக்கு இன்டர்வியூங்கறீங்க, இப்போ பத்தே முக்கால். கோட் எங்கயும் ஓடிப் போயிடாது சார். அதுக்குக் கை இருக்கு, கால் இல்லையே!

சிரிக்க மாட்டேங்கறீங்க. சரி.

லாண்டரி என் சம்சாரத்தோடது. பதினாலு வருஷமா எல்லாமே அவ தலைக்குள்ளதான். ஆளோட மூஞ்சியப் பாத்ததும் 'ஏழாவது ரேக்'ம்பா, கை தானா அங்க போகும். இப்படி நல்லா ஓடிட்டிருந்ததைத்தான் நான் சரி பண்ணக் கெளம்பினேன். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை போய் எட்டு மாசம் சார். வீட்ல உக்காந்து ஃபேன் சுத்துறதை எண்ணிட்டிருந்தேன். 'கடைக்கு ஒரு புரோகிராம் எழுதித் தரேன்'னு ரெண்டு மாசம் கெஞ்சி, இன்னிக்குத்தான் விட்டா. "ஒரே ஒரு துணி மாறட்டும், அப்புறம் இந்த நாற்காலிப் பக்கம் வரக்கூடாது நீங்க"ன்னுட்டு, அவங்கம்மாவைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கா.

அதனாலதான் சார், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க... நீங்க எங்க பேசுனீங்க, நான்தான் பேசிட்டிருக்கேன்.

இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு பேரு. திரையில தெரியுதே, அது பெரிய புரோகிராம். டோக்கன் கேக்கும், சீட்டு அடிக்கும், டாம்பீகமெல்லாம் அதுக்கு. ஆனா எந்தத் துணி எந்த ரேக்குலன்னு அதுக்குத் தெரியாது. அது தெரிஞ்சது உள்ள இருக்கற ஒரு குட்டி புரோகிராமுக்கு, ஸ்கிரிப்ட்டும்பாங்க. நடுவுல ரெண்டு பைப். தண்ணிக் குழாய் இல்ல சார், கம்ப்யூட்டருக்குள்ளயே. ஒண்ணுல கேள்வி போகும், இன்னொண்ணுல பதில் வரும். ஒரு வரி கேட்டா ஒரு வரி சொல்லணும். ஒப்பந்தம் அவ்வளவுதான்.

நேத்து வீட்ல ஓட்டிப் பாத்தப்போ பூரா ரெண்டும் பேசவே இல்ல. பெரிசு பதிலுக்குக் காத்திருக்கு. குட்டியோ பதிலை எழுதிட்டு, 'இன்னும் நாலு சேரட்டும், மொத்தமா அனுப்பலாம்'னு மடியிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. எங்க வீட்டுச் சண்டையும் இப்படித்தான், யாரு முதல்ல வாயைத் தொறக்கறதுன்னே மூணு நாள் போயிடும். 'எழுதினதை உடனே அனுப்பு'ன்னு ஒரு வரி சேக்கணும். காலையில சேத்துட்டேன். இருபது வருஷ அனுபவம்னா சும்மாவா?

டோக்கன் சொல்லுங்க. முப்பத்தொண்ணு... ஏழாவது ரேக். இந்தாங்க, பிரிங்க. என்னது, மேஜை விரிப்பா? நான்தான் நம்பரைத் தப்பாப் போட்டிருப்பேன். மறுபடி... முப்பத்தொண்ணு... பன்னெண்டாவது ரேக்.

அட. அதே டோக்கன், வேற பதில். பன்னெண்டுல... பன்னெண்டு காலியா இருக்கே!

இருங்க, இருங்க. காலையில, ஸ்கிரிப்ட் உயிரோட இருக்கான்னு தெரியறதுக்காக, ஆரம்பிச்ச உடனே 'வந்துட்டேன்'னு ஒரு வரி சொல்ல வெச்சேன். யாரும் கேக்காமயே. ஒரு ஆசைதான் சார். என் சட்டையோட டோக்கனைப் போட்டுப் பாத்தேன், 'வந்துட்டேன்'னுச்சு. ஒத்தை ஆளா உக்காந்து கைதட்டினேன். ஆனா அது வந்தது பதில் வர்ற பைப்புல. அப்போ என் சட்டைக்கான பதில்? அது பின்னாலயே வரிசையில நின்னிருக்கு! முதல்ல வந்தவர் டோக்கனைக் குடுத்ததும் அதான் வந்திருக்கு. என் சட்டையை அவருக்குக் குடுத்திருக்கேன். அவரோடதை ரெண்டாவது ஆளுக்கு. ரெண்டாவது ஆளோடதை...

இருபத்திமூணு பேரு சார். சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கறதுன்னு சொல்லுவாங்க. நான் ஊருக்கே வெச்சு, பொட்டலம் கட்டி, சிரிச்ச முகமாக் குடுத்தனுப்பியிருக்கேன்.

உங்க கோட்டா? உங்களுக்கு அடுத்து வந்தவர்கிட்ட. அடுத்து வந்தது... ஐயையோ. என் மச்சான். அவ அண்ணன்!

போன் அடிக்குது. அவதான்.

சொல்லும்மா. கடைக்கென்ன, கடை நல்லா... என்னது? உங்கண்ணன் கூப்பிட்டாரா. கறுப்புக் கோட். ம். தோள் பத்தலையாமா? போட்டே பாத்துட்டாரா!... ஒரு நிமிஷம் இரு. சார், ஓடுங்க! மச்சான் வீடு இந்தத் தெருக்கோடி, பச்சைக் கதவு. கழட்டச் சொல்லி வாங்கிட்டு அப்படியே இன்டர்வியூவுக்குப் போயிடுங்க. பாத்து, படி!

ம்... இருக்கேன். இல்லம்மா, கம்ப்யூட்டர் இல்ல. ஸ்கிரிப்டும் இல்ல, அது நான் சொன்னதைத்தான் செஞ்சுது. நான்தான். உங்கண்ணன் மட்டும் இல்ல, மொத்தம் இருபத்திமூணு பேரு...

ஆமா.

நாற்காலிய விட்டு எழுந்துட்டேன்மா. நின்னுக்கிட்டுத்தான் பேசுறேன்.