புங்கமரத்துப் பாதை

சர்க்கரை போதும், மேடம். டீ நன்றாகத்தான் இருக்கிறது. பாத்திமா மேரி அக்கா உங்களிடம் சொன்னது உண்மைதான். விடியற்காலையில் மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் அவர் பார்த்தது என்னைத்தான். மண் சாம்பிள் எடுக்கிறேன் என்று சொன்னேன். “எந்தப் பரீட்சைக்குடி இவ்வளவு மண்ணு?” என்று கேட்டார். ஐப்பசியிலிருந்து அவர் வீட்டு மாடியில்தான் வாடகைக்கு இருக்கிறேன். எனக்கு அவர் மேல் வருத்தம் எதுவும் இல்லை. நல்ல மீன் குழம்பு வைப்பார்.

என் பெயர் மாளவிகா. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் கடைசி வருடம். தோட்டம் போடுவதற்கு ஒரு காலேஜா என்று உங்கள் ஏட்டய்யா கேட்டார். என் அப்பா இன்னும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஏன் செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் ப்ராஜெக்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலத்தெருவுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவில் இருக்கும் திடலில் ஒரு நடைபாதை போட ஊராட்சி ஒப்புக்கொண்டது. என்னோடு படிக்கும் ஆல்பினும் நானும் ஆளுக்கொரு பாதை வரைந்தோம். இரண்டில் எது என்பதைத் தீர்மானிக்க எங்கள் பேராசிரியர் வெங்கடசுப்ரமணியன் சார் ஒரு முறை வைத்திருக்கிறார். இரண்டு பாதைக்கும் புல்லை லேசாகச் செதுக்கிவிட்டு, ஊரில் யாரிடமும் எதுவும் சொல்லாமல் ஒரு போகம் முழுக்க விட்டுவிட வேண்டும். சனங்கள் எதில் நடக்கிறார்களோ அதுதான் கட்டப்படும். கால்தான் ஜூரி என்பார். நாளைக் காலை பள்ளிக்கூட நேரத்தில் அவரும் மதிப்பெண் போடும் வெளியூர் ஜூரிகளும் திடலில் வந்து நின்று பார்க்கப்போகிறார்கள்.

ஆல்பின் ஸ்கேலை வைத்து ஒரே கோடு இழுத்தான். மேலத்தெருவில் ஆரம்பித்து, பஞ்சநதம் வீட்டு வாசலை ஒட்டி, நேரே பஸ் ஸ்டாப். என்னுடையது வாய்க்கால் கரையோடு வளைந்து, புங்கமரங்களுக்கு அடியில் புகுந்து, நிதானமாக வந்து சேரும். நான் மொழிபெயர்ப்பு நாவல்கள் நிறையப் படிப்பேன். அவற்றில் முக்கியமான யாரும் நேராக நடப்பதில்லை. பிர்ச் மரங்களுக்கு நடுவில் பனியில் வளைந்து வளைந்து நடக்கிறார்கள். நடுவழியில் அவர்களுக்கு வாழ்க்கை புரிந்துவிடுகிறது. பிர்ச் மரத்தை நான் பார்த்ததில்லை. இங்கே புங்கை இருந்தது. மேலத்தெருக்காரர்களுக்கும் வாழ்க்கை கொஞ்சம் புரியட்டும் என்று நினைத்தேன்.

“அது புரியறதுக்குள்ள திருக்காட்டுப்பள்ளி பஸ் போயிடும், மாளவிகா” என்றான் ஆல்பின்.

கார்த்திகை வரை என் பாதையில் நடந்தது நான் ஒருத்திதான். நாள் முழுக்க நடந்தேன். பாத்திமா மேரி அக்கா வயிற்று வலியா என்று விசாரித்து ஓம வாட்டர் கொடுத்தார். பிறகு ஒரு பாம்புச் சட்டை கிடைத்தது. அதை ஆல்பினின் பாதையில் வைத்தேன். நான் பொய் எதுவும் சொல்லவில்லை, மேடம். வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஊர் பயப்படும் என்று எதிர்பார்த்தேன். ஊர் முட்டையும் பாலும் கொண்டுவந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஆல்பினின் பாதையில் நடந்த கூட்டம் அதற்கு முன் நடந்ததே இல்லை.

அதற்கப்புறம்தான் மடை.

திடல் ஓரமாகப் போகும் வாய்க்காலில் முதல் மடை தங்கையனுடையது. அதற்குக் கீழே அவருடைய தங்கை வீட்டுக்காரர் பஞ்சநதத்தின் வயல். தங்கையனின் மடையை மண் போட்டு அடைத்தால் வாய்க்கால் கொஞ்சம் நிரம்பித் திடலில் வழியும். மிச்சம் பஞ்சநதத்தின் வயலுக்குப் போய்விடும். ஆல்பினின் பாதை தாழ்வான இடத்தில் போகிறது. அங்கே சேறானால் எல்லாரும் என் கரைக்கு ஏறிவிடுவார்கள். வகுப்பில் சொல்லியிருந்தால் சார் பாராட்டியிருப்பார். அடைத்தேன்.

சேறு ஆனது. மேலத்தெருக்காரர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றிலேயே நடந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சந்தோஷமாக நடந்தார்கள். வருடத்தில் பாதி நாள் முழங்கால் சேற்றில் நிற்பவர்களைச் சேற்றைக் காட்டி விரட்ட நினைத்தது என் தவறு. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நான் வரையாத ஒன்று நடந்தது. முறைத் தண்ணீர் வரும் காலம் அது. வரும் நாளில் பாய்ச்சாவிட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். தங்கையன் வந்து பார்த்தபோது அவர் மடை அடைபட்டிருந்தது. பஞ்சநதத்தின் வயலில் தண்ணீர் நின்றது. பஞ்சநதத்தின் வாசலில் போய் நின்று சத்தம் போட்டார். தங்கையன் பக்கம்தான் மேலத்தெரு முழுவதும். மறுநாளிலிருந்து பஞ்சநதத்தின் வாசலை மிதிக்க மாட்டோம் என்று அத்தனை பேரும் சுற்றிக்கொண்டு, வாய்க்கால் கரையோடு, புங்கமரங்களுக்கு அடியில் போனார்கள்.

நான் மாடியிலிருந்து பார்த்தேன். தலையில் கூடை, கையில் பிள்ளை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரியவர். நான் வரைந்த முதல் வளைவில் எல்லாரும் சரியாகத் திரும்பினார்கள். எனக்கு அழுகை வந்தது. நீங்கள் எதையாவது வரைந்திருந்தால் உங்களுக்குப் புரியும்.

சண்டையை நான் வடிவமைக்கவில்லை. பராமரித்தேன். எங்கள் படிப்பில் பராமரிப்புக்கும் மதிப்பெண் உண்டு. அடுத்த முறைத் தண்ணீர் வந்தபோது மறுபடி அடைத்தேன். அதற்கடுத்த முறையும்.

பொங்கலுக்கு எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது. எவ்வளவு பகை இருந்தாலும் தங்கைக்குப் பொங்கல் சீர் வைக்காமல் இருக்க முடியாதாம். தங்கையன் கரும்பும் மஞ்சள் கொத்தும் தூக்கிக்கொண்டு ஆல்பினின் பாதையில் நேராகப் போனார். தங்கை வாசலுக்கு ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். பஞ்சநதம் உள்ளே வரச்சொல்லி இலை போட்டார். மாட்டுப் பொங்கலன்று மேலத்தெருவே அந்த வழியாகப் போனது. என் பாதையில் புல் நிமிர ஆரம்பித்தது. புல் அவ்வளவு சீக்கிரம் நிமிரும் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

ஆகவே நேற்று முன்தினம், பொங்கலுக்குப் பிறகு வந்த முதல் தண்ணீரில், மடையை அடைத்தேன். இந்தத் தடவை நன்றாக மிதித்து அடைத்தேன்.

அதன் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். தங்கையன் மண்வெட்டியோடு போனார். பஞ்சநதம் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கரையில் நின்றிருந்தேன், தெளிவாகக் கேட்டது.

“கரும்பை வாங்கி வச்சுக்கிட்டு மடையை அடைச்சிட்டீங்களே மாப்பிள்ளை.”

“சத்தியமா நான் தொடலை மச்சான்.”

தங்கையன் மண்வெட்டிக் கழியால்தான் அடித்தார். இரும்புப் பக்கத்தால் அடிக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், அவர் நல்ல மனிதர். ஆல்பின்தான் பஞ்சநதத்தை வண்டியில் ஏற்றித் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இன்னும் அங்கேயே இருக்கிறான். அவனுடைய வரைபட ஷீட் ஒன்றுகூட முடியவில்லை.

தங்கையனின் வயலைப் போய்ப் பார்த்தேன், மேடம். பால் பிடிக்க வேண்டிய நேரத்தில் தண்ணீர் இல்லாமல் போயிருக்கிறது. ஒரு மணியை நகத்தால் அழுத்தினேன். உள்ளே ஒன்றும் இல்லை. விளைந்த கதிர் தலை குனியும், இவை நேராக நின்றன. வெளுப்பும் வெள்ளியும் கலந்த ஒரு நிறம். அதே நிறத்தைக் கலந்து, ப்ராஜெக்டுக்காகச் செய்த என் மாடலில் அந்த வயலுக்கு அடித்திருக்கிறேன். மாடலில் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

நான் யாரையும் அடிக்கவில்லை. யார் மேலும் பழி சொல்லவில்லை. கொஞ்சம் மண்ணை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைத்தேன். எங்கள் தொழிலே அதுதான். தலைக் காயம் தையல் போட்டால் ஆறும், நெல் அடுத்த போகம் விளையும். ஆனால் பாதையை ஒரு தடவை நேராகக் கல் பதித்துவிட்டால் அதற்கப்புறம் யாராலும் வளைக்க முடியாது. ஊரின் நன்மைக்காகத்தான் என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் அந்தப் புங்கை நிழலில் ஒரு தடவை நடந்து பாருங்கள்.

புரிகிறது. பஞ்சநதம் ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார். மடையை அவர் அடைக்கவில்லை என்று மச்சான் ஒப்புக்கொண்டால் போதும், கேஸ் வேண்டாமாம். தங்கையன் லாக்கப்பில் உட்கார்ந்துகொண்டு ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார். நான் சொன்னதை நீங்கள் எழுதி, நான் கையெழுத்துப் போட்டால் அவர் இன்று சாயங்காலமே வீட்டுக்குப் போகலாம். இல்லாவிட்டால் நாளைப் பத்து மணிக்குக் கோர்ட்டு, அங்கிருந்து ஜெயில்.

கையெழுத்துப் போடுகிறேன். எல்லாப் பக்கத்திலும் போடுகிறேன். நான் ஒளிக்க நினைக்கவில்லை.

ஆனால் இன்றைக்கு அவர் வீட்டுக்குப் போனால் விஷயம் தெரிந்துவிடும். தெரிந்தால் மேலத்தெரு மொத்தமும் விடிந்ததும் பஞ்சநதத்தின் வாசல் வழியாகத்தான் ஆஸ்பத்திரி பஸ்ஸுக்குப் போகும். பழம் வாங்கிக்கொண்டு, ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு, நேராக. சரியாக ஜூரி நின்று பார்க்கும் நேரத்தில். அவர்கள் பதினொரு மணிக்குள் கிளம்பிவிடுவார்கள். உள்ளே கொசு அதிகம் என்று ஏட்டய்யா சொன்னார், தங்கையனுக்குக் கொசுவத்தி நானே வாங்கித் தருகிறேன்.

இந்த வாக்குமூலத்தை நாளை மத்தியானம் எழுதிக்கொள்ளலாமா, மேடம்?