மனையைப் பார்க்காத சக்கரவர்த்தி

— ஃபீஃபி, போன்ல நான் பேசறது கேட்குதா? கசோவாவுல நம்ம மனையை இன்னைக்காவது போய்ப் பார்ப்பியா மாட்டியா?

— போறேன் எகுவா. இன்னும் பத்தே பத்து முறை ஆடிட்டுக் கிளம்பிடறேன்.

— காலையிலயும் பத்துன்னுதான் சொன்னே.

— அது வேற பத்து. ஆட்டம் இப்பதான் தொடங்கியிருக்கு. கிறிஸ்து பிறக்கவே இன்னும் மூவாயிரம் வருஷம் இருக்கு. இந்த நேரத்துல கம்ப்யூட்டரை விட்டு எழுந்தா என் சாம்ராஜ்யம் என்னாகும்?

— ஒண்ணும் ஆகாது. நீ பொத்தானை அழுத்தினாத்தானே உன் எதிரி நகருவான்? கசோவாவுல இருக்கறவன் அப்படிக் காத்துக்கிட்டு இருப்பானா?

— மனை எங்கே ஓடப்போகுது? மனையை வித்த குடும்பத்தோட தலைவருக்கு வழக்கப்படி மது பாட்டில் வச்சோம். அவரும் தரையில ஊத்தி, முன்னோரையெல்லாம் கூப்பிட்டுச் சாட்சி வச்சார். அப்புறம் என்ன பயம்?

— அதே முன்னோரை அவர் இன்னும் எத்தனை பேருக்குச் சாட்சி கூப்பிட்டாரோ! மனைத் தகராறுல அந்தத் தெருவுல பாதிச் சுவர்ல 'வேலையை நிறுத்து'ன்னு சிவப்புப் பெயிண்ட்ல எழுதி வச்சிருக்காங்க.

— யார் சொன்னா?

— அதை விடு. உன் ஆட்டத்துல முதல் வேலையா என்ன செய்வே?

— ஆகா, இப்படிக் கேளு! முதல்ல ஒற்றன். அப்புறம்தான் கோயில், கோட்டையெல்லாம். அவனை ஊரைச் சுத்தி வட்டம் வட்டமா அனுப்பணும். மலை தெரிஞ்சா ஏத்திடணும், தூரம் வரைக்கும் தெரியும். ஆறு எங்கே, நல்ல மண் எங்கே, பக்கத்துல எவன் இருக்கான், எல்லாம் தெரிஞ்சப்புறம்தான் குடியேற ஆளை அனுப்பணும்.

— பார்க்காத இடத்துக்கு அனுப்ப மாட்டியா?

— எனக்கென்ன பைத்தியமா?

— சரி, நீ பார்த்து வச்ச இடத்துக்கு இன்னொருத்தன் வந்துட்டான்னு வையேன்?

— நம்ம ஆளை அந்தக் கட்டத்துலயே நிறுத்திடணும். ஒரு அடி நகரக் கூடாது. நம்ம ஆள் நிக்கிற இடத்துல அவன் எப்படி ஊர் கட்டுவான்?

— மிரட்டினா?

— தொடக்கத்துல எவன்கிட்டயும் படை இருக்காது. எல்லாம் வெறும் பந்தா.

— இவன் நாலு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கானே.

— எவன்?

— நீ வழியைச் சொல்லு.

— நாலு பேர்னா... சுவர்தான். சட்டுனு சுவரை எழுப்பிடணும்.

— மேஸ்திரி! அந்த லாரிக் கல்லையும் இறக்கச் சொல்லுங்க!

— எகுவா, நீ சாவு வீட்டுலதானே இருக்கே?

— செவ்வாய், புதன், வியாழன், இன்னைக்கு வெள்ளி. நாலு நாளா சாவுக்குப் போறேன் சாவுக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கிளம்பறேன். நம்ம ஊர்ல சனிக்கிழமையை விட்டுட்டு எவன் சாவுச் சடங்கு நடத்துறான் ஃபீஃபி? ஒரு தடவை தலையைத் திருப்பியிருந்தாக் கூட என் கால்ல கிடந்த ரப்பர் பூட்ஸைப் பார்த்திருப்பே.

— அட கடவுளே! நீ மனையிலயா நிக்கறே? அந்த நாலு பேர்?

— முறைச்சுக்கிட்டு நிக்கறாங்க. கூட்டிட்டு வந்தவன்கிட்டயும் அதே தலைவர் கையெழுத்துப் போட்ட பத்திரம் இருக்கு. பாவம், அவனும் மது பாட்டில் வச்சவன்தான். ஆனா சுவர் இடுப்பு உயரம் வந்துடுச்சு, நானும் அதுக்குள்ள நிக்கறேன். இப்ப ஒவ்வொருத்தனா வண்டியில ஏறறான்.

— நான் இதோ வர்றேன். சட்டையைப் போட்டுட்டேன்.

— அவசரமில்லை. வந்த வேலை முடிஞ்சுது. சுவர்ல யார் பேரை எழுதறதுன்னு மேஸ்திரி காலையிலேயே கேட்டார்.

— ரெண்டு பேர் பேரையும் எழுதச் சொல்லு. என் பேர் முதல்ல வரட்டும், புருஷன் பேர் முன்னாடி வர்றதுதானே வழக்கம்.

— எழுதிக் காய்ஞ்சே போச்சு. 'இது எகுவா எசுமானின் மனை. அனுமதி இல்லாமல் யாரும் நுழையக் கூடாது.' யாரும்னா நீயும்தான், ஃபீஃபி.