குருசடி வளைவில் அறுந்து போகாத பேச்சு

2011-ஆம் ஆண்டு ஜூலை மாதம், இசபெல், வயது 49, க/பெ ஏசுஅடிமை, தொழில் மீன் வியாபாரம், புதுக்கடைக்கு மேற்கே கடற்கரை ஊர் என்ற விலாசத்தில் வசிப்பவர், காவல் நிலையத்தில் தலைமைக் காவலர் கிருஷ்ணமணி முன்பு கொடுத்த வாக்குமூலம்:

நான் மேற்படி விலாசத்தில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். எங்கள் ஊரிலிருந்து புதுக்கடை போகும் ரோட்டில், சிலுவை நிற்கும் சின்னக் குருசடியை ஒட்டி, குருசடி வளைவு என்று ஒரு இடம் உண்டு. கைபோன் வந்த காலம் முதல் அங்கே பேச்சு அறுந்துபோகும். குவைத்திலிருந்து என் மருமகன் பெனின் கூப்பிட்டாலும் அதே கதைதான். அதனால் எங்கள் ஊரில் யார் பேசிக்கொண்டு போனாலும், "குருசடி வந்தாச்சு, வைக்கேன்" என்று தாங்களே போனை அணைத்து, சிலுவை போட்டுக்கொண்டு, வளைவு தாண்டிய பிறகுதான் திரும்பக் கூப்பிடுவது வழக்கம்.

சில நாட்களாக ஒரு ஜீப் அந்த ரோட்டில் மேலும் கீழும் போய் வந்தது. உள்ளே ஒரு ஆள் மடியில் லேப்டாப்பும் அதில் வயரால் கொருத்த போன்களுமாக இருப்பார். இன்று காலை நான் மீன் பெட்டியோடு நிற்கையில் ஜீப் வளைவில் நின்றது. "டவருக்கு வைத்தியம் பாக்க வந்தியளா?" என்று கேட்டேன். அவர் சிரித்து, ஊர் கொட்டாரம், பெயர் முருகதாஸ், போன் கம்பெனியில் வேலை என்றார். கடற்கரையில் ஒரு டவர், மேட்டில் ஒரு டவர் இருப்பதாகவும், பக்கத்தில் இன்னொரு டவர் நிற்கிறது என்று கடற்கரை டவருக்குச் சொல்லிக் கொடுக்கவே இல்லை என்றும், அதனால் வளைவு திரும்பியதும் அது பேச்சை யார் கையிலும் கொடுக்காமல் விட்டுவிடுகிறது என்றும் சொன்னார். நேற்று அதைச் சரிசெய்துவிட்டார்களாம், இன்று சோதிக்க வந்தார்களாம். வள்ளத்தில் நிற்பவன், கரையில் நிற்பவன் பிடித்த பிறகுதானே மீன் கூடையிலிருந்து கையை எடுப்பான், அதுபோல என்று நினைத்தேன். ஆனால் நம்பவில்லை. "போலே, கள்ளம் பறையாத" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு என் கொழுந்தன் மரியானும் ஊர்க்காரர்களும், கடலோரத்தை உளவு பார்த்துப் படம் பிடிக்க வந்த கூட்டம் என்று சந்தேகப்பட்டு, ஜீப் சாவியைப் பிடுங்கி, முருகதாஸையும் டிரைவரையும் இந்த நிலையத்தில் கொண்டுவந்து விட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்ல காரியம் என்றே நானும் சொன்னேன்.

அதன் பிறகு மதியம் என் மகள் பெபிஷாவுக்கு, நாள் ஆகும் முன்பே வலி கண்டது. எங்கள் ஊர் ஜஸ்டஸின் மீன் வேனில் தார்ப்பாய் விரித்து அவளைப் படுக்கவைத்து, குழித்துறை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். நல்ல மழை. அங்கே நர்சாக இருக்கும் எங்கள் ஊர் சிந்தியாவுக்குப் போன் போட்டேன். வண்டியை நிறுத்த வேண்டாம், போனையும் வைக்க வேண்டாம் என்று சிந்தியா சொன்னாள். ஊர் தாண்டும் முன்பே பிள்ளையின் தலை வெளியே வந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. முகம் நீலமாக இருந்தது. கத்திச் சொன்னேன்.

அப்போது ஜஸ்டஸ் முன்னாலிருந்து, "மைனி, குருசடி வருவு, வச்சிரும்" என்றான். பழக்க தோஷத்தில் என் கட்டைவிரலும் சிவப்புப் பட்டனுக்குப் போய்விட்டது. சிந்தியாவோ, "கொடியப் புடிச்சு" என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். கொடியைப் பிடித்துவிட்டேன். இழுக்கத்தான் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "வாய மூடுலே சவமே!" என்று ஜஸ்டஸை ஏசிவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டேன். வண்டி வளைவு திரும்பியது. குருசடி பின்னால் போவதைக் கண்ணால் பார்த்தேன். என் மாதாவே, பேச்சு அறவில்லை! "இழுக்கப்பிடாது சித்தி, பைய தலைக்கு மேல கூடிக் கழத்தி எடுங்க" என்று சிந்தியா சொன்னது என் காதோடு பேசியது போலக் கேட்டது. அப்படியே செய்தேன். பிள்ளை முழுதும் என் கையில் வந்தது. முதுகைத் தடவச் சொன்னாள், தடவினேன். மேட்டு டவர் பக்கத்தில் வைத்துப் பிள்ளை அழுதது. ஆண் பிள்ளை.

அழுகைச் சத்தம் சிந்தியாவுக்கும் கேட்கட்டும் என்று போனைப் பிள்ளையின் பக்கம் நீட்டினேன். ஒரு வாக்கியத்தைப் பாதி ஒரு டவரும் மீதி இன்னொரு டவரும் கொண்டுவந்து, நடுவில் ஒரு சொல்லும் சிந்தாமல் தந்ததை நினைத்தால் இப்போதும் நடுக்கமாக இருக்கிறது. இதையும் எழுதும்படி ஏட்டையாவிடம் சொன்னேன், தேவையில்லை என்றார், எழுதினால்தான் ஒப்பு வைப்பேன் என்றேன்.

அதன் பிறகு தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேரே இங்கே வந்தேன். முருகதாஸ் சட்டை கிழிந்து பெஞ்சில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். ஊர்க்காரர்கள் அடித்ததைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. "அந்த இடத்துல சத்தம் கொஞ்சமாவது விட்டுச்சா அக்கா?" என்று மட்டும் கேட்டார். "இல்ல மக்கா" என்றேன். தாங்கள் சோதிக்கும்போது போனில் யாரும் பேசுவதில்லை என்றும், லேப்டாப்பில் கோடு மட்டும்தான் ஓடும் என்றும், அந்தக் கோட்டுக்குள் ஆள் இருப்பதை இன்றுதான் கேட்டதாகவும் சொல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என் கொழுந்தன் வேண்டுமென்று செய்யவில்லை, விவரம் தெரியாமல் செய்துவிட்டான். இந்த இருவரையும் இப்போதே விடவேண்டும். மேலே சொன்னதை ஏட்டையா வாசித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. வேறு சாட்சி வேண்டுமென்றால் குழித்துறை ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் குடித்துக்கொண்டு கிடக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

(ஒப்பம்) இசபெல்