பட்டுத்துணிக்குள் இருந்த மாட்டு வாகடம்

ஏட்டுச் சுவடிக்கு எண்ணெய் பூசுவது முதுகை முறிக்கிற வேலை. ஒவ்வோர் ஓலையாகத் துடைத்து, பஞ்சால் தடவி, நிழலில் விரித்துவிட்டு நிமிரும்போது இடுப்பு பிடித்துக்கொள்ளும். மரபுரிமைப் பகுதிப் பொறுப்பாளர் என்று என் மேசையில் பெயர்ப்பலகை இருக்கிறது. அந்தப் பகுதியைக் கூட்டுகிறவனும் நான்தான். தேநீருக்கு நன்றி. சீனி போடாதது நல்லது.

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. பொன்மலர் ரீச்சர் நெஞ்சோடு அணைத்தபடி எரிந்துபோன ஏடு, எங்கள் நூலகத்தில் ‘புதிய சேர்க்கைகள்’ கண்ணாடிப் பெட்டிக்குள் எப்படி இருக்கிறது? ரீச்சரின் தங்கை மகன் மயூரதனும் இதையேதான் கேட்டார். கேட்டுவிட்டு நேரே பொலிஸுக்கு, உங்களிடம் வந்திருக்கிறார். கெட்டிக்காரர்.

அது ஒரு மாட்டு வாகடம். ரீச்சரின் பூட்டனார் உரும்பிராயில் மாட்டு வைத்தியம் பார்த்தவர். எந்த நோய்க்கு எந்த இலை, கன்று குறுக்கே கிடந்தால் கையை எப்படி விடுவது, எல்லாம் அதில் இருக்கிறது. அவ்வளவு முழுமையான பிரதியை நான் வேறெங்கும் கண்டதில்லை. நூலகத்துக்குத் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் உளைந்ததுதான் மிச்சம். ஒரே ஒரு தடவை பிரித்துக் காட்டினார்.

“மயூரதன் தீபாவளிக்கு வாறான், தம்பி. அவன் கனடாவுக்குக் கொண்டு போகட்டும். அவன்ரை பிள்ளையளுக்கு எங்கடை எண்டு சொல்ல ஒண்டு வேணும்தானே” என்றார்.

அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழில் தங்கள் பெயரையே எழுதத் தெரியாது. ஏடு அங்கே வரவேற்பறைச் சுவரில் ஓர் அலங்காரமாகத் தொங்கும். எண்பத்தோராம் ஆண்டில் ஏடுகளோடு எரிந்த நூலகத்தைப் பற்றிக் கேட்டே வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் அந்தக் கதைதான். இனி ஓர் ஓலையும் இந்த மண்ணை விட்டுப் போகக் கூடாது என்று நினைத்தது குற்றமென்றால், முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

வருடம் முழுவதும் அந்த ஏடு இரும்பு றங்குப்பெட்டிக்குள் பூட்டியிருக்கும். பூட்டின் திறப்பு ரீச்சரின் இடுப்பில். நவராத்திரியில் சரஸ்வதிக்குரிய கடைசி நாட்களில் மட்டும் பட்டுத்துணியால் சுற்றி, சாமியறையில் கும்பத்துக்கு முன்னால் வைப்பார். விஜயதசமிப் பூசை முடியும்வரை ஒருவரும் தொடக் கூடாது. பிறகு சுற்றிய துணியோடு அப்படியே பெட்டிக்குள் போய்விடும். பிரித்துப் பார்க்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

பழைய பத்திரிகைகளை ஓலை அளவுக்கு வெட்டி, இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கட்டினேன். பாரமும் ஏறத்தாழச் சரியாக வந்தது. கனடாவில் பிரிக்கும்போது விஷயம் தெரியவரும். தெரிந்தாலும் யாரைப் போய்க் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

சரஸ்வதி பூசையன்று பின்னேரம் போனேன். ரீச்சருக்குச் சந்தோஷம். “இருங்கோ தம்பி, கடலை அவிச்சு வைச்சிருக்கிறன், தாளிச்சுக் கொண்டு வாறன்” என்று குசினிக்குள் போனார். அவர் திரும்புவதற்குள் பட்டுத்துணியை அவிழ்த்து, ஏட்டை எடுத்துக்கொண்டு, என் பத்திரிகைக் கட்டை அதே துணியில் சுற்றி வைத்தேன். ஏடு வாசல் படலையடியில் நின்ற என் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போயிற்று. நான் விறாந்தைக் கதிரையில் வந்து உட்கார்ந்தேன். களைப்பாக இருந்தது.

ஒரு பிழை விட்டுவிட்டேன். அவசரத்தில் துணியைச் சரியாகச் சுற்றவில்லை. கடதாசி நுனி ஒன்று கும்பத்தடி விளக்குப் பக்கமாக நீட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். ரீச்சர் தந்த கடலையில் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன், புகை மணத்தது. கும்பத்துக்குப் பின்னால் அலங்காரமாகக் கட்டியிருந்த சேலைகளில் தீ ஏறி, கூரை மரத்தைப் பிடித்துவிட்டது.

ரீச்சர் என்னைக் கடந்து ஓடினார். நான் தடுக்கப் பார்த்தேன், முடியவில்லை என்றுதான் ஊரில் எல்லோரும் நம்புகிறார்கள். செத்தவீட்டில் அயலவர்கள் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. மறுக்கத் தெம்பும் இருக்கவில்லை.

பிறகு ஏன் அதை எல்லோரும் பார்க்க வைத்தேன் என்று கேட்கிறீர்கள். ஒளித்து வைத்த ஏட்டுக்கும் எரிந்த ஏட்டுக்கும் என்ன வித்தியாசம்? ஆட்கள் பார்க்கத்தானே நூலகம். ‘அமரர் பொன்மலர் அவர்களின் அன்பளிப்பு’ என்று அட்டை எழுதி வைத்தேன். அவர் பெயர் நிலைக்கட்டும் என்றுதான். அந்த அட்டையை நான் தினமும் துடைக்கிறேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். இனி இதைச் சுமக்க எனக்கு ஏலாது.

சாமியறை வாசலில் ரீச்சர் நின்றார். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் புகையைக் கண்டு அவரும் பயந்துதான் இருந்தார். நான் ஒரு சொல் சொன்னால் திரும்பி வந்துவிடுவார்.

“தம்பி, ஏடு உள்ளைதானே?”

ஏடு படலையடியில் பத்திரமாக இருந்தது. கையை நீட்டிக் காட்டினாலே போதும். காட்டினால் நான் கள்ளன். ஏடும் கனடாவுக்குப் போய்விடும்.

“ஓம் ரீச்சர், உள்ளைதான்” என்றேன்.

ஏட்டில் ஓர் ஓலைகூடக் குறையவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.